இன்றைய மிச்சம்

1

இந்தக் கதை தானாக வந்ததில்லை, கேட்டு வாங்கப்பட்டது. குழாய் செய்யும் ஆலை ஒன்றின் மனிதவள அதிகாரி ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். சமையலறையிலும் குளியலறையிலும் நாம் திருகுகிறோமே, குனிந்தால் நம் முகத்தையே கோணலாகக் காட்டும் பளபளப்பான குழாய், அதைச் செய்கிற ஆலை.

"எங்க ஊழியர்களுக்கு ஊக்கம் குடுக்கிற மாதிரி ஒரு கதை வேணும் சார். சுற்றுச்சூழலும் வரணும், புதுமையும் வரணும். தொழிலாளி ஒருத்தர் புதுசா ஒரு யோசனை சொல்றார், கம்பெனி ஏத்துக்குது, பரிசு குடுக்குது. அந்த மாதிரி சுபமா முடிச்சிடுங்க. கேன்டீன் சுவத்துல ஒட்டப் போறோம்."

கதையே பிடிபடாமல் நான் திண்டாடிக்கொண்டிருந்த சமயம் அது. யார் எந்தக் கயிற்றை நீட்டினாலும் பிடித்துக்கொள்கிற நிலை. சரி என்றுவிட்டேன்.

ஆலையைச் சுற்றிக் காட்டினார்கள். முலாம் பூசும் பிரிவின் வாசலில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. தலைப்பில் 'இன்றைய' என்று மட்டும் இருந்தது. அடுத்த சொல்லை யாரோ அழுத்தித் துடைத்திருந்தார்கள். துடைத்த வேகத்தில் பலகையின் வெள்ளையே அந்த இடத்தில் தேய்ந்து போயிருந்தது. கீழே தேதிகள், தேதிக்கு எதிரே எண்கள். எண்கள் குறைந்துகொண்டே வந்தன. என்ன குறைகிறது என்பது மட்டும் பலகையில் இல்லை.

"இங்க என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டேன்.

கூட வந்த அதிகாரி கைபேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். கம்பிச் சட்டத்தில் குழாய்களை மாட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் முகம் வாடிவிட்டது. எனக்குக் கிடைத்த சரக்கு அவ்வளவுதான், ஒரு துடைத்த இடமும் ஒரு சிரிப்பும். மற்றதெல்லாம் நான் கட்டியது. இனி வரப்போகிற யாரும் அந்த ஆலையில் இல்லை.

2

முதல் தொடக்கம்:

"அதிகாலைக் கதிரவன் ஆலையின் புகைபோக்கியைத் தழுவிய வேளையில், மாற்றத்தின் விதையை நெஞ்சில் சுமந்தபடி ஓர் இளம்பெண்—"

வேண்டாம். அந்த ஆலைக்குப் புகைபோக்கியே கிடையாது. நெஞ்சில் விதை சுமப்பவர்களோடு எனக்குப் பழக்கமும் இல்லை.

இரண்டாம் தொடக்கம்:

"உலகில் நன்னீரின் அளவு குறைந்து வருவதை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும்—"

இதை ஒட்டினால் கேன்டீனில் ஈரக்கையைத் துடைத்துக்கொள்ளத்தான் உதவும்.

மூன்றாம் தொடக்கம்:

"அவள் பலகையில் ஒரு சொல்லை எழுதினாள்."

இது இருக்கட்டும். இதில் பொய் குறைவு.

3

அவளுடைய பதவி சுற்றுச்சூழல் அலுவலர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் வாய் வலிக்கிறது என்று தொழிலாளர்கள் 'சுத்தம் மேடம்' என்று சுருக்கிவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. நிரந்தரமாக்கவில்லை, பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

அவளுடைய அண்ணன் அதே ஆலையில் முலாம் பிரிவின் போர்மேன். ஆலைக்குள் தங்கையை ஒழுங்காக 'மேடம்' என்றுதான் கூப்பிடுவான். வம்பு என்னவென்றால் வீட்டுக்கு வந்தும் அதை விடமாட்டான். "மேடம், அந்தத் தண்ணிச் செம்பைக் கொஞ்சம் இப்பிடித் தள்ளுங்க மேடம்" என்பான். அவள் செம்பை அவன் கைக்கு எட்டாத மூலைக்குத் தள்ளிவிடுவாள். அண்ணி இருவரையும் திட்டிக்கொண்டே எழுந்து போய் எடுத்துக் கொடுப்பாள். மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். வீடு ஆலையின் பின்மதிலை ஒட்டிய சந்தில் இருந்தது. பின்கதவைத் திறந்தால் துவைக்கிற கல், கல்லைத் தாண்டினால் சாக்கடை, சாக்கடைக்கு அந்தப் பக்கம் மதில். நல்ல மழை பெய்தால் அந்தச் சாக்கடையில் மஞ்சளாகத் தண்ணீர் வரும்.*

*மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் கதை புரியாது. குழாய்களைச் சட்டத்தில் மாட்டி முலாம் தொட்டிக்குள் இறக்குவார்கள். வெளியே எடுத்ததும் அடுத்தடுத்த தொட்டிகளில் அலசுவார்கள். குழாயோடு ஒட்டிவரும் முலாம் கரைசல் அலசும் தண்ணீரில் கலந்து, தண்ணீர் மஞ்சளாகிவிடும். குடித்தால் உயிருக்கு ஆபத்து. பட்டால் தோல் புண்ணாகும். ஷிப்ட் முடிந்ததும் அதைப் பின்பக்கக் குழிக்கு இறக்கி, மருந்து போட்டு, தெளிய வைத்துத்தான் வெளியே விட வேண்டும். குழி சின்னது. மழையில் வழியும். பக்கத்தில் இன்னொரு பெரிய தொட்டி கட்டுவதாகப் பேச்சு இருந்தது. அண்ணி அந்தத் தொட்டிக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள்.

4

ஊழியர்களுக்கு ஊக்கம் தர வேண்டும். இதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. (எனக்குக் கொடுத்த வேலையும் இதுவே. அவள் மேல் எனக்கு ஒரு பிரியம் வந்ததற்கு அதுவும் காரணம்.)

முதலில் சுவரொட்டி ஒட்டினாள். அழுகிற பூமி உருண்டையின் படம். மறுநாள் காலையில் பூமிக்கு மீசை முளைத்திருந்தது. பிறகு எல்லோரையும் நிற்க வைத்து உறுதிமொழி எடுக்கச் சொன்னாள். எடுத்தார்கள். எடுத்துவிட்டுப் போய்ப் பழையபடி குழாயைத் திறந்துவிட்டுக் கதை பேசினார்கள். அவள் அழவில்லை, ஆனால் அன்று சாப்பிடாமல் படுத்தாள்.

அப்புறம்தான் பலகை யோசனை வந்தது. அடுத்தவர் சொல்கிற பெரிய உண்மையைவிடத் தன் கையால் எழுதுகிற சின்ன எண்ணை மனிதர்கள் மதிப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அது சரியான யோசனை என்றே நான் இன்னும் நம்புகிறேன். எல்லாப் பிரிவின் வாசலிலும் ஒரு பலகை மாட்டினாள். அன்றன்று எவ்வளவு மிச்சப்படுத்தினோம் என்று அவரவரே எழுத வேண்டும். கிலோவோ, லிட்டரோ, டிரம்மோ, அவரவர் வசதி. தலைப்பைத் தன் கையாலேயே எழுதினாள். 'சேமிப்பு' என்று எழுதப் போனவள் நிறுத்திக்கொண்டாள். அந்தச் சொல் வங்கி வாசலில் நிற்கிற மாதிரி விறைப்பாக இருந்தது. வீட்டில் புழங்குகிற சொல் வேண்டும் என்று நினைத்தாள். அழியாத மையில், அழகாக, 'இன்றைய மிச்சம்' என்று எழுதினாள்.

முலாம் பிரிவில் வேலை செய்து பழகியவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். மற்றவர்களுக்கு நான் இதை இப்போதே சொல்லிவிடவா, கொஞ்சம் ஒளித்து வைக்கவா என்று யோசித்தேன். ஒளித்து வைத்தால் கதை சுவாரசியமாகும். ஆனால் அவளை வைத்து விளையாட எனக்கு மனம் வரவில்லை, சொல்லிவிடுகிறேன்.

முலாம் பிரிவில் 'மிச்சம்' என்றால் கடைசித் தொட்டியில் ஷிப்ட் முடியும்போது தேங்கி நிற்கிற மஞ்சள் தண்ணீர். அவர்கள் வாயில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே கிடையாது. "மிச்சத்தை இறக்கியாச்சா?" என்பதுதான் ஷிப்ட் மாறும்போது ஒருவரை ஒருவர் கேட்கிற முதல் கேள்வி. 'அன்னன்னிக்கு மிச்சத்தை எழுதிடுங்க' என்று மட்டும்தான் அவள் சொல்லியிருந்தாள். பலகையைப் பார்த்தார்கள். இன்றைய மிச்சம் எத்தனை டிரம் என்று கேட்கிறார்கள் போல என்று, இறக்கியதை இறக்கியபடி எழுதினார்கள். ஒரு டிரம்கூடக் குறைத்து எழுதவில்லை.

[கைச்செலவு போக மிச்சம் என்றால் முகம் மலர்கிறது. தட்டில் மிச்சம் என்றால் முகம் சுளிக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் இத்தனை காலம் சண்டையில்லாமல் பிழைத்திருக்கிறோம் என்பதே ஆச்சரியம்.]

5

மற்றப் பிரிவுகளின் பலகையில் சில்லறை எண்கள். கடைசல் பிரிவில் கொஞ்சம் பித்தளைத் தூள், மெருகுப் பிரிவில் கொஞ்சம் துணி. முலாம் பிரிவில் மட்டும் டிரம் டிரம்மாக மிச்சம். அவள் அதை லிட்டராக்கிக் கூட்டி மேலே அனுப்பினாள்.

சரிபார்க்க மாட்டாளா என்று கேட்பீர்கள். தண்ணீர் ஆலையின் சொந்தக் கிணற்றிலிருந்து வருகிறது. அதற்கு மீட்டர் கிடையாது. அப்படியே இருந்தாலும், நல்ல செய்தியை எவர் சந்தேகப்படுகிறார்?

ஆலை மேலாளரைப் 'பெரிய சார்' என்பார்கள். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். எல்லோரையும் முற்றத்தில் கூட்டி முலாம் பிரிவை மேடை முன்னால் அழைத்தார்.

"உங்க மிச்சம்தான் எல்லாப் பிரிவையும் விட ஜாஸ்தி! கை குடுங்கப்பா!"

கூட்டத்தில் ஒருவன் முணுமுணுத்தான். "அழுக்கு ஜாஸ்தின்னா பரிசா?"

"உண்மையை எழுதினதுக்குப்பா" என்றாள் கொக்கி அக்கா. சட்டத்தில் குழாய் மாட்டுகிறவள். அவள் மாட்டினால் ஒரு குழாயும் நழுவாது என்பதால் அந்தப் பெயர். "இத்தனை வருஷம் யாராவது வந்தா அழுக்கை மூடி வைன்னாங்க. இப்பதான் எழுதி வைன்னு சொல்லியிருக்காங்க. எழுதினோம். திட்டல, கையில்ல தட்டுறாங்க!" சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பேச்சின் முடிவில் பெரிய சார் இன்னொன்றும் சொன்னார். "இவ்வளவு மிச்சம் பண்றப்ப பின்னாடி இன்னொரு தொட்டி எதுக்கு? அந்தச் செலவை இப்போதைக்கு நிறுத்தி வச்சிருக்கேன்." மேடையில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். கீழே நின்றவர்களுக்குப் பின்வரிசையின் கைதட்டலில் அது சரியாகக் கேட்கவில்லை.

கேடயம் வாங்க மேடை ஏறிய அண்ணனுக்கு மட்டும் கேட்டது. போர்மேன் என்ற முறையில் அவன்தான் அதை வாங்கினான்.

6

இந்த இடத்தில் எனக்கு அண்ணன் மேல் சந்தேகம்.

கேடயத்தில் பொன் எழுத்தில் 'சிறந்த சேமிப்புப் பிரிவு' என்று பொறித்திருந்தது. மிச்சம் என்று இல்லை, சேமிப்பு. அதை அவன் படித்தானா? படிக்கவில்லை என்று எழுதினால் எனக்கு வேலை சுலபம். எல்லோரும் அப்பாவிகள், சொல் ஒன்றுதான் குற்றவாளி. மனிதவள அதிகாரிக்கும் அதுதான் பிடிக்கும். அப்படி ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன்:

"அண்ணன் கேடயத்தைப் பெருமையுடன் தலைக்கு மேல் உயர்த்த, கரவொலி விண்ணை—"

கை ஓடவில்லை. ஏனென்றால் அன்று எடுத்த புகைப்படத்தை நான் ஏற்கெனவே மனதில் பார்த்துவிட்டேன். எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் அண்ணன். கேடயத்தின் முதுகுதான் படத்தில் தெரிகிறது. எழுத்துள்ள பக்கத்தை அவன் மார்போடு சேர்த்துப் பிடித்திருக்கிறான்.

ஆக, படித்துவிட்டான். அந்த ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. இவர்கள் எழுதியது கொட்டியது; அவர்கள் கூட்டியது சேமித்தது. நிமிர்ந்தான். மேடை ஓரத்தில் தங்கை நின்றிருந்தாள், உள்ளங்கை சிவக்கக் கைதட்டிக்கொண்டு. சேர்ந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டான்.

வீட்டில் அண்ணி பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "புதுத் தொட்டி எப்ப கட்டுறாங்களாம்?"

"கட்டுவாங்க" என்றான்.

ஒரு மனிதன் கெட்டவனாகாமலே தப்பில் கால் வைப்பது இப்படித்தான். நான் அவனைக் காப்பாற்றப் பார்க்கவில்லை, அவன் மேல் எனக்குக் கோபமும் வரவில்லை, வருத்தம்தான்.

7

அடுத்து நடந்ததுதான் மனிதவள அதிகாரி கேட்ட புதுமை.

கொக்கி அக்கா பாராட்டை லேசில் விடுகிறவள் இல்லை. அழுக்கை எழுதினதற்கே இவ்வளவு மரியாதை என்றால், குறைத்துக் காட்டினால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு ஒரு வீம்பு வந்தது. குழாய்களை வாய் மேலே பார்க்க மாட்டுவதுதான் வழக்கம். மாட்டுவதற்கு அதுதான் சுலபம். தொட்டியிலிருந்து எழும்போது ஒவ்வொரு குழாயும் வயிறு நிறையக் கரைசலை வாரிக்கொண்டு வரும்.

"டம்ளரைக் கழுவி நிமித்தியா வைக்கிறோம்? கவுத்துத்தானே வைக்கிறோம்! இதை மட்டும் எதுக்கு நிமித்தி மாட்டுறோம்?" என்று கேட்டாள்.

கேட்டதோடு நிற்காமல் கொக்கிகளை ஒவ்வொன்றாக வளைத்து, குழாய்களை வாய் கீழே பார்க்கத் தொங்கவிட்டாள். முதலில் சில நழுவித் தொட்டிக்குள் விழுந்தன, எல்லோரும் கேலி செய்தார்கள், அவள் மறுபடி வளைத்தாள். அண்ணன் தன் பங்குக்கு, சட்டம் மேலே வந்ததும் உடனே நகர்த்தாமல் சொட்டுகிற வரைக்கும் தொட்டியின் மேலேயே நிறுத்தி வைக்கச் சொன்னான். உற்பத்தி கொஞ்சம் தாமதமானது. மேலேயிருந்து வந்த வசவைத் தானே வாங்கிக்கொண்டான்.

கரைசல் சொட்டுச் சொட்டாகத் தன் தொட்டிக்கே திரும்பியது. அலசும் தண்ணீர் சீக்கிரம் மஞ்சளாகவில்லை. மிச்சம் குறையத் தொடங்கியது.

ஐயா மனிதவள அதிகாரி அவர்களே, இங்கே ஒரு நிமிடம். ஊழியர்களை எது ஊக்குவிக்கிறது என்று கேட்டீர்கள். கொக்கி அக்காவை ஊக்குவித்தது ஒரு பாராட்டு. அதுவும் தப்பான பாராட்டு. அண்ணனை ஊக்குவித்தது குற்ற உணர்ச்சி. பொய்யான அந்தக் கேடயத்தை எப்படியாவது உண்மையாக்கிவிட முடியாதா என்று அவன் தவித்தான். இரண்டு பேரும் ஒரே சட்டத்தை ஒரே தொட்டியின் மேல் தாங்கி நின்றார்கள். விழுந்த சொட்டுகளில் எது யாருடையது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. உங்கள் பயிற்சி வகுப்புகளில் இதற்கு ஏதாவது பெயர் வைத்திருந்தால் சொல்லுங்கள்.

ஆனால் அண்ணனுக்கு ஒன்று தெரியும், அக்காவுக்குத் தெரியாது. அவன் குறைக்கக் குறைக்க, தங்கையின் கணக்கில் அது வீழ்ச்சியாகத்தான் விழும்.

8

விழுந்தது. பெரிய சார் அவளைக் கூப்பிட்டு, "என்னம்மா, முலாம் பிரிவு படுத்துடுச்சு? உன் வேலை விஷயம் வேற பேச்சுல இருக்கு. மிச்சம் ஏறணும், பாத்துக்க" என்றார். அவள் நேராக முலாம் பிரிவுக்கு வந்தாள்.

"அக்கா, என்ன ஆச்சு உங்களுக்கெல்லாம்? மிச்சம் தினமும் இறங்கிட்டே வருதே!"

கொக்கி அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இறங்குதில்ல? பாத்தீங்களா மேடம்! நீங்க கவனிக்கலையோன்னு நினைச்சேன்."

"கவனிச்சதாலதான் கேக்கிறேன். பெரிய சார் ஏறணும்கிறார்."

"ஏறணுமா?" அக்கா கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தாள். "எதுக்கு மேடம் ஏறணும்? இருக்கிற குழியே வழியுது."

"குழியா? மிச்சத்துக்கும் குழிக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"என்ன மேடம் இப்பிடிக் கேக்குறீங்க? மிச்சம் குழிக்குத்தானே போகுது?"

 தொட்டியின் மேல் நின்ற சட்டம் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கடைசித் தொட்டியைப் பார்த்தாள். மஞ்சள் தண்ணீரைப் பார்த்தாள். திரும்பிப் பலகையில் தன் கையெழுத்தைப் பார்த்தாள். தான் கூட்டி அனுப்பிய லிட்டர்கள் எல்லாம் எங்கே போயின என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் வீட்டுப் பின்கதவுக்குத்தான் போயிருந்தன.

சட்டத்தின் அருகே நின்ற அண்ணன் நிமிரவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் இன்னொன்றும் தெரிந்தது.

"அண்ணே. உனக்குத் தெரியுமா?"

"கேடயத்துல எழுதியிருந்துச்சு, பாப்பா."

மேடம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"அப்பவேவா? ஏன் சொல்லல?"

"நீ கை தட்டிட்டிருந்த."

9

இப்போது அவள் முன்னால் இருப்பது இதுதான். உண்மையைச் சொன்னால் பரிசு பொய்யாகும். நிரந்தரமாகப் போகிற வேலை நிலைக்குமா என்பது சந்தேகம். தெரிந்தும் மறைத்தான் என்று அண்ணனின் போர்மேன் பதவிக்கும் ஆபத்து. கொக்கி அக்கா நெஞ்சில் வைத்திருக்கிற ஒரே பாராட்டு கைவிட்டுப்போகும். சொல்லாவிட்டால், பெரிய சார் நிறுத்தி வைத்த தொட்டி வராது. குழி வழியும். கொக்கியை வளைத்த யோசனை, எண்ணைக் குறைத்த குற்றத்துக்காக நிறுத்தப்படும்; மிச்சம் ஏற வேண்டும் அல்லவா.

அன்று சாயங்காலம் விஷயம் அண்ணிக்கும் தெரிந்தது. அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்கிட்ட கட்டுவாங்கன்னு சொன்னியே" என்று அண்ணனிடம் ஒரு வார்த்தைதான் கேட்டாள். பிறகு அலமாரியில் இருந்த கேடயத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பின்கதவின் அடியில் இருந்த இடுக்கில் செருகினாள். "மழைத் தண்ணி உள்ள வராம இதாவது தடுக்கட்டும். வேற எதுக்கு ஆகும் இது?"

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

மனிதவள அதிகாரிக்கான முடிவு: அவள் போய்ச் சொல்கிறாள். பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்கிறார். "தப்பு எங்க மேலதான்மா" என்கிறார். தொட்டி கட்டப்படுகிறது. கொக்கி அக்காவுக்கு உண்மையான பரிசு. இது நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை. நல்லது நடந்த இடங்களும் உண்டு. ஆனால் இதை நான் எழுதியபோது பெரிய சாருக்குப் பதிலாக நானே பேசிக்கொண்டிருந்தேன்.

நான் வழக்கமாக எழுதுகிற முடிவு: அவள் சொல்கிறாள், வேலை போகிறது, அண்ணன் வேலையும் போகிறது, புதிதாக வந்த போர்மேன் கொக்கிகளை எல்லாம் பழையபடி நிமிர்த்துகிறான். வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அழ வைத்தால் நல்ல கதை என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. இந்த மூன்று பேரையும் அதற்குப் பலி கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

அவள் சொல்லாமல் விடுகிற முடிவு:

"அந்த மழைக்காலத்தில் ஒரு நாள், அடுப்படிக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்க அண்ணி வெறுங்காலோடு எழுந்து—"

மன்னிக்க வேண்டும். இதற்கு மேல் எழுத முடியவில்லை.*

*பின்னர் ஒருமுறை முயன்றேன். அண்ணிக்குச் செருப்பு போட்டுவிட்டேன். அதுவும் உதவவில்லை.

10

ஆகவே எனக்கு உறுதியாகத் தெரிந்த இடம் வரைக்கும் சொல்கிறேன்.

மறுநாள் ஷிப்ட் மாறும் நேரம். போகிறவர்களும் வருகிறவர்களும் வாசலில் நிற்கிறார்கள். அவள் பலகை முன்னால் நின்று 'மிச்சம்' என்ற சொல்லைத் துடைக்கிறாள். அழியாத மை, அவளே தேடி வாங்கியது. வெறும் துணிக்கு அசையவில்லை. கொக்கி அக்கா எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிற திரவத்தைத் துணியில் நனைத்துக் கொடுக்கிறாள். அக்காவிடம் அவள் காலையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அக்கா முதலில் சிரித்தாள். அப்புறம் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப எங்களை யாரும் பாராட்டவே இல்லையா மேடம்?" என்று கேட்டாள். அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அழுத்தித் தேய்க்கிறாள். சொல் போகிறது, பலகையின் வெள்ளையும் கொஞ்சம் போகிறது.

"அங்க புதுசா என்ன எழுதப் போறீங்க மேடம்?" என்று யாரோ கேட்கிறார்கள்.

"தெரியல. முதல்ல மேல போயிட்டு வர்றேன்."

"நானும் வர்றேன்" என்கிறான் அண்ணன்.

"நீ வேணாண்ணே."

"எம் பிரிவு. நான்தான் போர்மேன், இன்னிக்கு வரைக்கும்."

அவன் கையில் கேடயம் இருக்கிறது. அண்ணி கதவிடுக்கிலிருந்து உருவி, துடைத்துக்கூடக் கொடுக்காமல் அனுப்பியிருக்கிறாள். இந்தத் தடவை எழுத்துள்ள பக்கம் வெளியே தெரிகிறது. இருவரும் படியேறுகிறார்கள். கீழே கொக்கி அக்கா அன்றைய எண்ணைத் தலைப்பில்லாத பலகையில் எழுதுகிறாள். நேற்றைவிடக் குறைவு.

மேலே கதவு திறந்துதான் இருக்கிறது. பெரிய சார் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்கிறார்.

"வாம்மா. இன்னிக்கு எவ்வளவு மிச்சம்?"

11

அவள் வாயைத் திறக்கிறாள். நான் பேனாவை வைத்துவிட்டேன்.

அவள் உண்மையைத்தான் சொல்லப் போகிறாள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. சொன்ன பிறகு என்ன ஆகும் என்பதுதான் முடிவு. அது அவள் கையில் இல்லை, என் கையிலும் இல்லை. கேட்கிறவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

இதைக் கேன்டீன் சுவரில் ஒட்டுவார்களா என்று தெரியாது. ஒட்டினால் படிக்கப்போவது நீங்கள்தான். நான் பார்க்காத பின்மதிலைத் தினமும் பார்ப்பவர்கள். அங்கே புதுத் தொட்டி நிற்கிறதா, குழிதான் வழிகிறதா என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சொல்லைத் துடைத்தது யார் என்றும் தெரிந்திருக்கலாம். உங்கள் எண்கள் குறைந்துகொண்டு வருவதை நான் கண்ணால் பார்த்தேன். அதைச் செய்தவர்களை யாரும் கூப்பிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன். இது தப்பான பாராட்டு இல்லை.

'இன்றைய' என்பதற்குப் பக்கத்தில் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பேனாவும் அங்கேயே கயிற்றில் கட்டித் தொங்குகிறது. சாப்பிட்டு எழுந்ததும் நீங்கள் செய்த குழாயைத் திருகித்தான் கை கழுவப் போகிறீர்கள். கை கழுவுவதற்கும் நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. பார்த்துக் கழுவிவிட்டு, அந்தப் பலகைப் பக்கம் வாருங்கள்.